தோற்ற இடத்திலேயே மாணவரானவர்: யமாவோகா தெஷ்ஷுவின் வரலாறு

ஜப்பான் தேசத்தில் வாட்பயிற்சி, மற்பயிற்சி முதலியன நடைபெறும் கூடத்துக்கு டோஜோ என்று பெயர். கேட்ட மாத்திரத்தில் இது போர்க்கலையைச் சேர்ந்த சொல் என்றே எவரும் எண்ணுவர். இதன் பிறப்போ நம் நாட்டில்தான். பகவான் புத்தர் கயையில் போதி மரத்தடியில் அமர்ந்து மெய்ஞ்ஞானம் எய்திய இடத்தை வடமொழி நூல்கள் போதிமண்டம் என்று வழங்கும். அந்நூல்களைச் சீன மொழியில் பெயர்த்த பிக்குகள், வழியின் இடம் எனப் பொருள்படும் ஒரு தொடரால் அதனைக் குறித்தனர். அத்தொடரே ஜப்பானியர் நாவில் டோஜோ ஆயிற்று. முதலில் தியான மண்டபத்தையும் வழிபாட்டிடத்தையும் சுட்டிய இச்சொல், பிற்காலத்தில்தான் வாள் பயிலும் கூடத்துக்கும் உரியதாயிற்று.

இச்சொல்லின் இரு பொருளையும் ஒரே வாழ்வில் ஒருங்கே கண்டவர் யமாவோகா தெஷ்ஷு. ஜப்பானில் அவர் பெயரை அறியாதார் அரியர். நம்மவருள் அறிந்தார் அரியர். ஆதலின் அவர் வரலாற்றைச் சிறிது விரித்தெழுத முற்பட்டோம்.

முதலில் அந்நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். வாள்வீரர் இளமையில் ஊர் ஊராகச் சென்று, தாம் முன்பின் அறியாத கூடங்களின் வாயிலில் நின்று ஆட்டம் கேட்பது பழமையான மரபு. முற்காலத்தில் இத்தகைய ஆட்டம் உயிருக்கே ஊறாய் முடிவதுண்டு. மூங்கில் வாளும் உடற்கவசமும் பரவிய பின்னர் அந்த அச்சம் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிற மரபினரோடு மோதிப் பார்க்கும் பயணங்கள் பெருகின. செல்பவர் தம் பெயர், தாம் சார்ந்த பிரபுவின் நாடு, தாம் பயின்ற மரபு ஆகியவற்றை வாயிலிலேயே தெரிவித்தல் வேண்டும். கையில் ஒரு பெயர்ப்புத்தகமும் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் அக்கூடத்தார் அதில் தம் பெயரையும் மரபையும் எழுதித் தருவர். கற்றுக்கொள்ள வந்தோரும் உண்டு. கூடத்தின் பெயரைக் கெடுக்கவே வந்தோரும் உண்டு. இருவரும் வாயிலில் சொல்லும் சொல் ஒன்றாகவே இருக்கும். உள்ளே சென்று தோற்ற பின்னரே வந்தவர் எத்தகையவர் என்பது புலப்படும்.

தெஷ்ஷு 1836ஆம் ஆண்டில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில் பிறந்தார். பிறந்த குடிப்பெயர் ஓனோ. தந்தை டோகுகாவா அரசின் நேர்ப்பணியாளர். 1845இல் மலைநாடாகிய ஹிதாவுக்கு நிர்வாகியாக நியமனம் பெற்றுத் தகயாமா நகருக்குக் குடும்பத்துடன் சென்றார். ஒன்பது வயதிலேயே வாளைத் தொட்ட சிறுவனுக்கு, தகயாமாவில் ஹொகுஷின் இட்டோ மரபைச் சேர்ந்த ஆசான் ஒருவர் வாய்த்தார். தூரிகை எழுத்துக் கலையிலும் இவாசா இட்டெய் என்பவரிடம் தேர்ந்து, அம்மரபின் 52ஆம் தலைமுறை வாரிசாக இளம் பருவத்திலேயே ஏற்கப்பட்டார்.

1851இல் தாயும் 1852இல் தந்தையும் மறைந்தனர். பதினாறு வயது இளைஞர் தம்பியர் ஐவருடன் எடோவுக்குத் திரும்பினார். கடைசித் தம்பி பால் மறவாக் குழந்தை. அண்டை வீடுகளில் தாய்ப்பால் இரந்து அக்குழந்தையை வளர்த்தார் என்று கூறுவர். வறுமை நெடுங்காலம் நீங்கவில்லை. கிழிந்த உடையைக் கண்டு கந்தல் டெட்சு என்றனர் ஊரார். வாட்கூடத்தில் அவர் மோதும் வேகத்தைக் கண்டு அரக்கன் டெட்சு என்றனர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், 100 கிலோவுக்கு மேற்பட்ட எடை. அக்கால ஜப்பானியரிடையே அவர் ஒரு குன்று. வீட்டுக்கு ஏதோ அலுவலாக வருவோரையும் விடாமல், தம்மை அடிக்குமாறு வேண்டி மூங்கில் வாளை நீட்டுவாராம். அந்த வயதில் அவருக்கு வாள் ஒரு வெறியாகவே இருந்தது என்று சொல்வதில் தவறில்லை.

வேற்கலையில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் யமாவோகா செய்சான். 1855இல் அவர் இளமையிலேயே மாண்டபோது, அவர் தங்கையை மணந்து அக்குடிப்பெயரைத் தாங்கினார் தெஷ்ஷு. செய்சானின் உடன்பிறந்தாரான தக்காஹஷி தெய்ஷுவும் வேல்வீரர். வாழ்நாள் முழுதும் நம் தலைவருக்கு மைத்துனராகவும் நண்பராகவும் விளங்கியவர்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். 1863ஆம் ஆண்டு. எடோவில் தெஷ்ஷு செல்லாத கூடம் சிலவே. அவரை வென்றவரும் சிலரே. அப்போது அசாரி யோஷியாகி என்னும் ஆசானைக் குறித்துக் கேள்வியுற்றார். அசாரி, இட்டோ மரபின் நகனிஷிக் கிளையைச் சேர்ந்தவர். தெஷ்ஷு மகிழ்ந்து அவரைத் தேடிச் சென்று ஆட்டம் வேண்டினார். பிற்காலத்தில் தாமே எழுதிய குறிப்பில், அதுகாறும் கண்ட வீரர்களினின்று அசாரி முற்றிலும் வேறானவர் என்றும், வெளியே மென்மையும் உள்ளே திண்மையும் கொண்டவர் என்றும், வாள் வீசுமுன்பே வெற்றியை அறிந்தவர் போன்று நின்றார் என்றும் தெரிவிக்கிறார்.

அன்று நடந்ததை மாணவர் பரம்பரை விரிவாகச் சொல்லும். ஆட்டம் நெடுநேரம் நீண்டது. இருவரில் எவரும் தெளிவாக வெல்லவில்லை. முடிவில் வாளோடு வாள் பொருந்தி நின்ற நிலையில், தெஷ்ஷு தம் பேருடலால் மோதி அசாரியைக் கீழே வீழ்த்திவிட்டார். எழுந்த அசாரி, வெற்றி யாருடையது என்று வினவினார். தம்முடையது என்றார் தெஷ்ஷு. அசாரியோ அமைதியாக மறுத்தார். வீழும்போதே தம் வாள் மார்புக் கவசத்தில் பட்டுவிட்டது என்றார். தெஷ்ஷு ஏற்கவில்லை. கவசத்தைக் கழற்றிப் பார்த்தனர். உட்புறம் மூங்கிற் பட்டைகள் மூன்று முறிந்திருந்தன. பழைய கவசம், பூச்சி அரித்திருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியேறினார் தெஷ்ஷு.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். வீழ்த்தியவர் அவர், வீழ்ந்தவர் அசாரி. பூச்சி அரித்த கவசம் என்ற சமாதானமும் கையில் இருந்தது. ஊருக்குள் சென்று, புகழ்பெற்ற ஆசானைத் தரையில் கிடத்தினேன் என்று சொல்லியிருந்தால் மறுப்பார் யார்? ஆனால் வீடு திரும்பியவர் நடந்ததை நடந்தபடியே மைத்துனர் தெய்ஷுவிடம் உரைத்தார். கேட்ட தெய்ஷு, அசாரியே மெய்யான வாளாளர் என்று தீர்ப்பளித்தார். தெஷ்ஷு அதன்பின் வாதாடவில்லை. மறுபடியும் அக்கூடத்துக்குச் சென்று, தம் பிழையைப் பொறுக்குமாறு வேண்டி, அசாரியின் மாணவராகச் சேர்ந்தார். அவர் வாழ்வின் திருப்பம் பின்னாளில் பெற்ற ஞானத்தில் உள்ளது என்று எழுதுவோர் பலர். தம் கையில் இருந்த வெற்றியை விட்டுக்கொடுத்த அந்த இரவிலேயே அது நேர்ந்துவிட்டது என்பது நம் கருத்து.

மாணவரான பின் அவர் அடைந்தது நிம்மதியன்று. அசாரி வாளைத் தாழ்த்தியும் உயர்த்தியும் ஆர்ப்பரிப்பதில்லை. நேரே நீட்டியபடி ஓரடி முன்வைப்பார். தெஷ்ஷு ஓரடி பின்வைப்பார். மீண்டும் ஓரடி. இப்படியே சுவர்வரை தள்ளப்படுவார். திரும்ப நடுவிடத்துக்கு வந்து தொடங்கினாலும் அதே கதிதான். ஒரு நாள் இவ்வாறு கூடத்துக்கு வெளியே தெருவரை தள்ளப்பட்டு, அசாரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அடி ஒன்றும் விழவில்லை. அந்தப் பெருவீரர் தெருவில் நின்றார். பகலில் பிறரோடு பொருதபின் இரவில் தனித்தமர்ந்து கண்ணை மூடினால், அசாரி மலைபோல் எதிரே நிற்பது தோன்றும். அவ்வுருவை அசைக்க முடியவில்லை என்று அவரே எழுதியுள்ளார். இந்நிலை 17 ஆண்டுகள் நீடித்தது.

ஓர் ஆசான் வெளியே இருக்கிறார். அவரை வெல்ல வழி காணலாம். உள்ளத்தில் நிற்கும் ஆசானை எவ்வாறு வெல்வது? இதற்கு விடை தேடித்தான் அவர் தியானத்தைத் தீவிரமாகப் பற்றினார். ஸென் என்பது தியானம் என்னும் சொல்லின் திரிபே. பாலியில் ஜான என்பது சீனத்தில் சான் ஆகி ஜப்பானில் ஸென் ஆயிற்று. தென்னிந்தியாவிலிருந்து சென்றவராகக் கருதப்படும் போதிதர்மரையே அம்மரபினர் தம் முதல் ஆசானாகப் போற்றுவர். தெஷ்ஷு ஒரே மடத்தோடு நின்றவரல்லர். வாட்கூடங்களை நாடியது போன்றே மடங்களையும் நாடினார். மிஷிமாவிலுள்ள ரியூதகு-ஜி மடத்துத் தலைவர் செய்ஜோவைக் காண, எடோவிலிருந்து ஹக்கோனே மலையைக் கடந்து 70 மைலுக்கு மேல் செல்லுதல் வேண்டும். ஓய்வு நாட்களில் அத்தொலைவை மீண்டும் மீண்டும் கடந்து சென்று வந்தார்.

வாளேந்திய ஒருவரைப் பற்றித் தம்மம் பேசும் ஏட்டில் எழுதுவது தகுமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பஞ்சசீலத்தின் முதற் சீலம் உயிர்க்கொலை விலக்குவது. அதற்கு விதிவிலக்கு ஒன்றும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானியப் படைத்தலைமை, வாளும் ஸென்னும் ஒன்றென்ற பேச்சைப் போருக்குத் துணையாக்கிக்கொண்டது. மடத்தலைவர் பலரும் அதற்கு உடன்பட்டனர். இதை மறைப்பதால் பௌத்தத்துக்குப் பெருமையில்லை. தெஷ்ஷு அக்காலத்துக்கு முன்பே மறைந்தவர். கொலைகள் மலிந்த ஆட்சிமாற்றக் காலத்தில் வாழ்ந்தும் அவர் ஒருவரையும் கொன்றதில்லை என்றே அவர் வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் வாள் தாங்கிச் சென்று செய்த மிகப் பெரிய செயல் ஒரு போரைத் தடுத்ததேயாகும்.

அது 1868இல் நிகழ்ந்தது. டோகுகாவா ஆட்சி சாய்ந்தது. பேரரசர் பெயரால் பெரும்படை எடோவை நோக்கி வந்துகொண்டிருந்தது. எடோ பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த மாநகர், வீடுகளெல்லாம் மரத்தாலானவை. போர் மூண்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆட்சியிழந்த தலைவர் டோகுகாவா யோஷிநோபு அடங்கிப்போக விரும்பினார். அவ்விருப்பத்தை எதிர்த்தரப்பின் தளபதி சைகோ தகமோரியிடம் சேர்ப்பிக்கும் பணி தெஷ்ஷுவின் மீது விழுந்தது. சைகோ இருந்த சும்பு நகர் 100 மைலுக்கு அப்பால். வழியெல்லாம் பகைவர் படை. சத்சுமா நாட்டவர் ஒருவரைத் துணைகொண்டு புறப்பட்ட தெஷ்ஷு, மாறுவேடம் பூணவில்லை. இரவில் ஒளிந்தும் செல்லவில்லை. முன்னணிப் படையின் பாசறைக்கு நேரே சென்று, தாம் பேரரசரின் பகைவராகிய யோஷிநோபுவின் பணியாளர் என்றும், தளபதியைக் காணச் செல்பவர் என்றும் உரத்த குரலில் அறிவித்தார். திகைத்த படையினர் தடுக்கவில்லை. அறியாத கூடத்தின் வாயிலில் நின்று பெயரும் மரபும் மறையாமல் சொல்லிப் பழகிய நா அது.

சைகோ ஐந்து நிபந்தனைகளை நீட்டினார். கோட்டை, படைவீரர், ஆயுதம், கப்பல் பற்றிய நான்கையும் தெஷ்ஷு ஏற்றார். யோஷிநோபுவைப் பிறிதொரு நாட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற ஐந்தாவதை மறுத்தார். அது பேரரசின் ஆணை என்று சைகோ அழுத்திக் கூறியபோது, நிலைமை மாறி, தம் பிரபுவை அவ்வாறு ஒப்படைக்கும்படி கேட்டால் சைகோ செய்வாரோ என்று திருப்பிக் கேட்டார். சைகோ சிறிது நேரம் வாளாவிருந்து, பின் அதைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். சில நாட்களில் கட்சு கைஷுவும் சைகோவும் எடோவில் சந்தித்து உடன்பாட்டை முடித்தனர். கோட்டை போரின்றிக் கைமாறியது. கட்சு கைஷு, தெஷ்ஷு, தெய்ஷு மூவரையும் சேர்த்து அக்காலத்தின் மூன்று ஷு என்று ஜப்பானியர் இன்றும் போற்றுவர்.

1872 முதல் பத்தாண்டுகள் இளம் பேரரசர் மெய்ஜிக்கு அணுக்கப் பணியாளராக இருந்தார். அப்பதவிக்கால நிகழ்ச்சிகள் பல சொல்லப்படுகின்றன. அவற்றை விரிப்பதற்கு இது இடமன்று. ஒன்று மட்டும் வாசகர்க்குச் சுவையாயிருக்கும்: உள்ளே பயற்றங்களி வைத்த ஆன்பான் என்னும் இனிப்பு ரொட்டியை 1875இல் பேரரசரின் உணவுக்குக் கொண்டுசென்றவர் இந்த அரக்கன் டெட்சுவே.

அசாரியின் உருவமோ இன்னும் அகலவில்லை. கியோட்டோவில் டென்ரியூ-ஜி மடத்துத் தலைவர் தெகிசுயி, எதிரெதிரே நீண்ட இரு வாள்களைப் பற்றிய பழம் புதிர் ஒன்றைத் தியானப் பொருளாக அவருக்கு அளித்தார். அதனோடு மூன்று ஆண்டுகள் போராடினார். விளக்கு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1880 மார்ச்சில், தூரிகை எழுத்து வேண்டி வணிகர் ஒருவர் வந்தார். பேச்சுவாக்கில், இலாபத்தையும் நட்டத்தையும் எண்ணி நடுங்கியபோதெல்லாம் வாணிகம் கெட்டதென்றும், அவ்வெண்ணத்தை விட்டுச் செய்யத் தொடங்கிய பின்னரே பெருவணிகர் ஆனதாகவும் சொன்னார். மடத்தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் உணர்த்த முயன்றதை ஒரு வணிகர் தம் கணக்கு வழக்கைக் கொண்டு உணர்த்திவிட்டார். தெஷ்ஷு பகலில் வாளிலும் இரவில் தியானத்திலும் அதையே சிந்தித்தார். மார்ச் 30ஆம் நாள் விடியற்காலையில், அமர்ந்திருந்தபடியே கற்பனையில் வாளை நீட்டிப் பார்த்தார். எதிரே அசாரி இல்லை.

உடனே அசாரியை வரவழைத்து ஆட்டம் வேண்டினார். வாள்கள் நீண்டன. சிறிது பொழுதே சென்றது. அசாரி வாளைத் தாழ்த்தி, கவசத்தைக் களைந்து, முன்னையினும் முற்றும் மாறிவிட்டீர் என்று ஒப்புக்கொண்டு, தம் மரபின் மறைபொருளை முழுமையும் தெஷ்ஷுவுக்கு வழங்கினார். அதன்பின் அசாரி மூங்கில் வாளைத் தொடவில்லை என்பர். மாணவரின் வளர்ச்சியைக் கண்ட கணத்திலேயே வாளைக் கீழே வைத்த அந்த ஆசானின் பெருமையை ஏனோ பலர் எடுத்துரைப்பதில்லை.

தெஷ்ஷு தம் வழிக்கு முட்டோ எனப் பெயரிட்டார்; வாளில்லாமை என்பது அதன் பொருள். தாம் வேறு, எதிரி வேறு, இடையே வாள் வேறு என்னும் பற்று அற்ற நிலையையே அவர் அவ்வாறு குறித்தார். அநாத்தத்தைப் பயின்ற நம் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. டோக்கியோவில் தம் இல்லத்தை ஒட்டி அவர் எழுப்பிய கூடத்துக்கு ஷும்பூகான், அதாவது இளவேனிற் காற்றின் மண்டபம், என்று பெயர். மங்கோலியப் படையினர் வாளோங்கி நின்றபோது அஞ்சாமல் அமர்ந்திருந்த சீனத் துறவி ஒருவரின் பாடலிலிருந்து அப்பெயரை எடுத்தார். அத்துறவியே பின்னர் ஜப்பான் சென்று 1282இல் காமகுராவின் எங்காகு-ஜி மடத்தை நிறுவியவர்.

அக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர் மூன்றாண்டு அடிப்படை வீச்சு ஒன்றையே பயிலுதல் வேண்டும். ஆட்டமோ வெற்றியோ அவர்க்கு இல்லை. வெளிக் கூடங்களில் வென்று வந்தவர்க்கு இது பெருஞ்சோதனை. அதன்மேல் நேர்ச்சைப் பயிற்சி என ஒன்று உண்டு: 1,000 நாள் இடைவிடாமல் பயின்றவர் ஒரே நாளில் 200 ஆட்டம் ஆடுவார், அதன் அடுத்த படி மூன்று நாளில் 600, இறுதிப்படி ஏழு நாளில் 1,400. எதிர்நிற்போர் மாறி மாறிப் புதிதாக வருவர்; ஆடுபவர் ஒருவரே. கஞ்சியே உணவு. கை வீங்கி வாளைப் பிடிக்கவும் முடியாத நிலையில், வெல்ல வேண்டும் என்னும் எண்ணம் தானே உதிர்ந்துபோகும் என்பது ஆசானின் கருத்து.

மெய்ஜி ஆட்சியின் தொடக்கம் ஜப்பானியப் பௌத்தத்துக்குக் கொடிய காலம். 1868இல் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்கும் ஆணை பிறந்ததும், பல ஊர்களில் விகாரைகள் இடிக்கப்பட்டன, புத்தர் படிமங்கள் உடைபட்டன, மணிகள் உருக்கப்பட்டன. அரண்மனைப் பணியில் இருந்த ஒருவர் இதற்கு மாறாக நடப்பது எளிதன்று. தெஷ்ஷு தூரிகையை எடுத்தார். எழுத்து வேண்டி வந்தோர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்து, அதனால் வந்த பொருளை இடிந்த மடங்களைப் புதுப்பிக்கவும் வறியோர்க்கு உதவவும் செலவிட்டார். தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வாழ்நாளில் எழுதியவை பல்லாயிரம். ஆட்சிமாற்றத்தில் மாண்டவர்களின் நினைவாக 1883இல் டோக்கியோவின் யனகா பகுதியில் ஸென்ஷோ-ஆன் என்னும் விகாரையை நிறுவினார். மாண்டவருள் தம் தரப்பு, மறுதரப்பு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

வயிற்றுப் புற்றுநோய் அவரை வாட்டியது. 1888 ஜூலை 19ஆம் நாள் காலை, வெண்ணிற ஆடை உடுத்து, அரண்மனைத் திசை நோக்கித் தியான நிலையில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். ஜப்பானியர் கணக்கில் அகவை 53. உடலை ஸென்ஷோ-ஆனில் அடக்கம் செய்தனர். மேடையில் கதை சொல்லி நாட்டையே நகைக்கவும் நடுங்கவும் வைத்தவரும், தெஷ்ஷுவிடம் ஸென் பயின்றவருமான சன்யூடெய் எஞ்சோ 1900இல் மறைந்தபோது, அவரையும் அதே விகாரையில்தான் அடக்கம் செய்தனர்.